மங்கனீசுச் சேர்வைகள்: கைத்தொழிலிலும் கமத்திலும் அவற்றின் பயன்



ஒளி குன்றிப்போன ரோச் பற்றரி ஒன்றை யாராவது உடைத்துப் பார்த்தால் உள்ளே கரிய மாவைப் போன்ற ஒரு பொருள் இருக்கக் காண்பார்கள். மாட்டின் குளம்புப் புண்ணைக் கழுவுவதற்குக் கடையில் வாங்கும் கொண்டிஸ், நீரில் இட்டதும் ஊதா நிறமாய்க் கரைகின்றது. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் தெளிக்கும் மங்கோசெப் என்னும் பங்கசுநாசினி மஞ்சள் நிறத் தூளாகும். மங்கனீசு சல்பேற்று என்ற பெயரில் விற்கப்படும் பசளை உப்போ வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் உடையது. நிறத்தாலும் தொழிலாலும் இவை நான்கும் வெவ்வேறானவை. எனினும் நான்கிலும் பொதுவாய் இருக்கும் மூலகம் ஒன்றே. அதுவே மங்கனீசு.

மூலகம் ஒன்றாயினும் சேர்வை வேறாகும்போது தொழிலும் வேறாகும். இவ்வுண்மையை அறியாமையால் நட்டம் அடைந்தோர் பலர். வலிகாமத்தில் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்கு நான் சென்றிருந்தபோது செடிகளின் அடியிற் கரிய பொடி தூவப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். “மங்கனீசு குறைந்தால் இலை மஞ்சளாகும் என்று சொன்னார்கள், தம்பி. பற்றரிக்குள் இருப்பது மங்கனீசு என்று மகன் பள்ளிக்கூடத்திற் படித்திருக்கிறான். அதனால் வீட்டிற் கிடந்த பழைய பற்றரிகளையெல்லாம் உடைத்துப் போட்டேன்” என்றார் அந்த முதியவர். அவர் கேட்டது பொய்யன்று. மகன் படித்ததும் பிழையன்று. ஆயினும் அப்பொடியால் அவருடைய பயிருக்கு ஒரு பயனும் விளையவில்லை. மண்ணில் வேண்டாத பொருள்கள் சேர்ந்ததே மிச்சம்.

ஆகவே மங்கனீசின் சேர்வைகள் யாவை, ஒவ்வொன்றும் எத்தொழிலுக்கு உரியது, நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் அவற்றுள் எது வேண்டும், எது வேண்டாம் என்பனவற்றை இத்துண்டுப் பிரசுரத்தில் ஒழுங்காக நோக்குவோம்.

1. மங்கனீசின் இயல்பு

மங்கனீசு இரும்பை ஒத்த ஓர் உலோகம். கடினமானது, ஆனால் இலகுவில் நொறுங்கிவிடும். தூய உலோகமாக இயற்கையில் இது கிடைப்பதில்லை. பைரோலுசைற்று என்னும் கரிய கனிப்பொருளாகவே பெரும்பாலும் அகழ்ந்து எடுக்கப்படுகின்றது. தென்னாபிரிக்கா, கபொன், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகள் இதனைப் பெருமளவில் எடுக்கின்றன. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்துப் பாலகாட் பகுதியிலும் பெரிய சுரங்கங்கள் உள. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சீலே என்பவர் இக்கனிப்பொருளில் ஒரு புதிய உலோகம் இருத்தல் வேண்டும் எனக் கண்டார். அவருடைய நண்பர் கான் என்பவர் 1774ஆம் ஆண்டில் அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தார்.

இம்மூலகத்தின் சிறப்பு யாதெனில், ஒட்சிசனைப் பெறுவதும் கொடுப்பதும் இதற்கு மிக எளிது என்பதே. ஒட்சிசன் நிறைந்த நிலையில் இது ஊதா நிறப் பரமங்கனேற்றாய் இருக்கும். ஒட்சிசன் ஓரளவு குறைந்த நிலையிற் கரிய ஈரொட்சைட்டாய் மாறும். இன்னும் குறைந்தால் இளஞ்சிவப்பு உப்பாகி நீரிற் கரையும். கொடுத்து வாங்கும் இவ்வியல்பினாலேயே தொழிற்சாலைகள் இதனை விரும்புகின்றன. வயலிலும் தோட்டத்திலும் நிகழ்வனவற்றுக்கும் இதுவே காரணம். இந்த ஒன்றை நினைவில் இருத்திக்கொண்டால் ஏனையவை தாமாகவே விளங்கும்.

2. உருக்குத் தொழிலில் மங்கனீசு

உலகில் அகழப்படும் மங்கனீசில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உருக்குத் தொழிலுக்கே செல்கின்றது. உங்கள் மண்வெட்டியிலும் கத்தியிலும் கலப்பைக் கொழுவிலும் சிறிதளவு மங்கனீசு உண்டு.

இரும்பில் எப்போதும் கொஞ்சம் கந்தகம் கலந்திருக்கும். அது இரும்புடன் சேர்ந்து, எளிதில் உருகும் ஒரு சேர்வையாகி, உருக்கின் மணிகளுக்கிடையே படிந்துவிடும். அத்தகைய உருக்கைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது அது வெடித்துப் பிளக்கும். மங்கனீசைச் சேர்த்தால் கந்தகம் இரும்பை விட்டு மங்கனீசைப் பற்றிக்கொள்ளும். உருகிய உருக்கிலுள்ள மிகுதி ஒட்சிசனையும் மங்கனீசு கவர்ந்துகொள்ளும். 1856ஆம் ஆண்டில் பெசெமர் என்பவர் மலிவாக உருக்குச் செய்யும் முறையை வெளியிட்டபோது அவ்வுருக்கு நொறுங்கும் குறை உடையதாய் இருந்தது. மங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்து அக்குறையை நீக்கும் வழியைக் காட்டியவர் மூசெற் என்னும் ஆங்கிலேயர்.

பின்னர், 1882ஆம் ஆண்டில், ஹட்பீல்ட் என்பவர் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மங்கனீசு கலந்து ஒரு புதிய உருக்கைச் செய்தார். அடிபட அடிபட அதன் மேற்பரப்பு மேலும் கடினமாகும். கல்லுடைக்கும் இயந்திரத்தின் தாடைகளும் புகையிரதத் தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் பகுதிகளும் இன்றும் இவ்வுருக்கினாற் செய்யப்படுகின்றன.

3. கரிய சேர்வை: மங்கனீசீரொட்சைட்டு

கரிய கனிப்பொருளின் சிறந்த பகுதி இதுவே. நீரிற் கரையாது. மனிதன் இதனை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். பிரான்சு நாட்டில் லஸ்கோ என்னும் குகையின் சுவர்களில், எழுத்துத் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னர் தீட்டப்பட்ட விலங்கு ஓவியங்களில் இக்கரிய பொடி காணப்படுகின்றது.

கண்ணாடித் தொழிலில் இது பழைய துணைப்பொருள். மணலில் உள்ள இரும்பினாற் கண்ணாடியிற் பச்சை நிறம் ஏறும். சிறிதளவு மங்கனீசீரொட்சைட்டைச் சேர்த்தால் அந்நிறம் மங்கிக் கண்ணாடி தெளியும். அளவுக்கு மிஞ்சினாலோ கண்ணாடி ஊதா நிறமாகிவிடும். உரோமர் காலத்திலேயே இவ்வழக்கம் இருந்தது. செங்கல்லுக்கும் மட்பாண்டப் பூச்சுக்கும் கபில நிறம் ஏற்றவும் இது உதவுகின்றது.

குளோரீன் வாயுவை உலகுக்குத் தந்ததும் இப்பொருளே. ஐதரோகுளோரிக்கமிலத்துடன் இதனைச் சேர்த்து 1774ஆம் ஆண்டிற் சீலே அவ்வாயுவைப் பெற்றார். 1799ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டில் தெனன்ற் என்பவர் குளோரீனைச் சுண்ணாம்பில் ஏற்றி வெளிற்றும் தூளைச் செய்தார். கிணறுகளைத் தொற்று நீக்குவதற்கு நாம் இடும் வெளிற்றும் தூள் அவ்வழி வந்ததே. இப்பொழுது குளோரீன் உப்புக் கரைசலிலிருந்து மின்னாற் பெறப்படுகின்றது. முன்னர் இயங்கிப் போர்க்காலத்தில் நின்றுபோன பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும் அம்முறையே கையாளப்பட்டது.

உலர் மின்கலத்தில் இதன் தொழில் வேறு. 1866ஆம் ஆண்டில் லெக்கிளாஞ்சே என்னும் பிரெஞ்சு அறிஞர் செய்த மின்கலத்தில் ஒரு புறம் நாகமும் மறுபுறம் கரித்தூளுடன் கலந்த மங்கனீசீரொட்சைட்டும் இருந்தன. நாகம் தேய்ந்து மின்னைத் தரும். மங்கனீசீரொட்சைட்டு ஒட்சிசனை இழந்து அம்மின்னை ஏற்கும். இரண்டில் ஒன்று தீர்ந்தாலும் பற்றரியின் உயிர் போய்விடும். இன்றைய காரப் பற்றரியும் இதே இரு பொருள்களைக் கொண்டே இயங்குகின்றது. மின்சாரக் கார்களின் இலிதியம் பற்றரிகள் சிலவற்றிலும் மங்கனீசு உண்டு.

இனி அம்முதியவரின் மிளகாய்த் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பற்றரியிலிருந்த கரிய பொடி நீரிற் கரையாதது. காற்றோட்டமுள்ள, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரியதாகவே கிடக்கும். வேர் அதனை உறிஞ்ச முடியாது. உண்மையில் அவருடைய மண்ணிலேயே அத்தகைய கரிய மங்கனீசு முன்னரே இருந்தது. அத்துடன் பற்றரியில் நாகக் குளோரைட்டு முதலிய உப்புகளும், பழைய வகைகளில் இரசமும் கட்மியமும் போன்ற நச்சு உலோகங்களும் இருத்தல் கூடும். அவை மண்ணைச் சேர்ந்தால் எளிதில் அகலமாட்டா. எனவே பழைய பற்றரியை உடைத்தலும் தோட்டத்தில் இடுதலும் கிணற்றருகே எறிதலும் எரித்தலும் கூடா.

4. ஊதா நிறச் சேர்வை: பொற்றாசியம் பரமங்கனேற்று

நாம் கொண்டிஸ் என்பது இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனைத் தொற்றுநீக்கியாக விற்ற கொண்டி என்னும் இலண்டன் வணிகரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மங்கனீசீரொட்சைட்டைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் சேர்த்துக் காற்றுப் படச் சூடாக்கினால் பச்சை நிறமான மங்கனேற்று உண்டாகும். அதனை மின்னினால் மேலும் ஒட்சியேற்றினால் ஊதா நிறப் பரமங்கனேற்றுக் கிடைக்கும்.

இது ஒட்சிசனை அள்ளிக் கொடுக்கும் பொருள். ஆதலால் குடிநீர் நிலையங்களில் நீரிற் கரைந்த இரும்பையும் மங்கனீசையும் படியச் செய்வதற்கும், துர்நாற்றத்தைப் போக்குவதற்கும், இரசாயன ஆய்வுகூடங்களிலும் பயன்படுகின்றது. மிக ஐதான கரைசல் புண் கழுவ உதவும். அடர்ந்த கரைசலோ தோலையும் இலையையும் எரித்துவிடும்.

இதனைப் பற்றி நான்கு விடயங்களைக் கூறவேண்டியுள்ளது.

(அ) இது பசளையன்று. தெளிகருவியில் இட்டுப் பயிருக்குத் தெளித்தல் ஆகாது.

(ஆ) கிணற்று நீரிற் சிறிது கொண்டிசைக் கரைத்து, நீர் சிவந்ததும் கிருமி ஒழிந்தது என்று நம்புதல் தவறு. நிறம் மாறுவது கிருமி செத்ததற்குச் சான்றாகாது. வெள்ளத்தின் பின் கிணற்றைத் தொற்று நீக்குவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரீன் இடுக.

(இ) கிளிசரீன், கந்தகம், சீனி, அமிலம் ஆகியவற்றின் அருகே இதனை வைக்கவேண்டாம். கிளிசரீனுடன் சேர்ந்தால் தானாகவே தீப்பற்றும்.

(ஈ) பாம்பு கடித்த இடத்தைக் கீறிக் கொண்டிஸ் மணிகளை வைத்துத் தேய்க்கும் வழக்கம் முன்னர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களே இதற்கெனச் சிறு கத்தியும் மணிகளும் அடங்கிய கருவியைப் பரப்பினர். ஆயினும் உடலிற் பரவிய நஞ்சை இது முறிக்காது. தசையை அழுகச் செய்யும். ஆதலால் மருத்துவம் இதனைக் கைவிட்டுவிட்டது. வயலிற் பாம்பு கடித்தால் கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, கீறாமலும் இறுகக் கட்டாமலும், நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நஞ்சுமுறி ஊசி அங்கேதான் உண்டு. கொண்டிசைத் தேடும் நேரம் உயிருக்குரிய நேரமாகும்.

5. இளஞ்சிவப்பு உப்பு: மங்கனீசு சல்பேற்று

கரிய கனிப்பொருளைக் கரியுடன் சூடாக்கினால் ஒட்சிசனின் ஒரு பகுதி நீங்கும். எஞ்சிய பச்சை நிற ஒட்சைட்டைச் சல்பூரிக்கமிலத்திற் கரைத்தால் மங்கனீசு சல்பேற்றுக் கிடைக்கும். ஒரு மூலக்கூறு நீருடன் கூடிய உப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பங்கு மங்கனீசு உண்டு. மின்கலத்துக்கான தூய ஈரொட்சைட்டும் இவ்வுப்பின் கரைசலிலிருந்தே மின்னாற் செய்யப்படுகின்றது.

பயிர் ஏற்கும் வடிவம் இதுவே. ஏனெனில் இது நீரிற் கரையும். கோழித்தீனியிலும் இது சேர்க்கப்படுகின்றது. மங்கனீசு போதாத குஞ்சுகளின் கால் மூட்டு வீங்கித் தசைநாண் விலகுவதால் அவை நொண்டும் என்பது 1936ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. தீனியிற் சிப்பியும் எலும்புத்தூளும் அளவுக்கு மிஞ்சினாலும் இந்நோய் கடுமையாகும்.

6. மஞ்சள் தூள்: மங்கோசெப்

மங்கனீசையும் நாகத்தையும் ஒரு கந்தகச் சேர்வையுடன் இணைத்துச் செய்யப்படும் பங்கசுநாசினி இது. இதற்கு முன்னர் வந்த மனெப் என்பதில் மங்கனீசு மாத்திரம் இருந்தது. மங்கோசெப் 1960களிற் பாவனைக்கு வந்தது. இலையின் மேற்பரப்பிற் படிந்து, பங்கசு வித்திகள் முளைப்பதைத் தடுப்பதே இதன் தொழில். நோய் உட்சென்றபின் தெளித்தாற் பயன் குறைவு.

இதன் சிதைவினால் உண்டாகும் எதிலீன்தையோயூரியா என்னும் பொருள் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பிக்குக் கேடு செய்யவல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மங்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஆகவே இதனையும் பிற பங்கசுநாசினிகளையும் வாங்குமுன், எப்பயிருக்கு, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்வரை என்னும் விவரங்களை விளம்பரச் சீட்டிற் பார்த்தும், போதனாசிரியரிடம் கேட்டும் தெளிந்துகொள்க.

7. பயிரினுள் மங்கனீசு செய்யும் தொழில்

பச்சை இலை ஒளியைப் பெற்று நீரைப் பிளந்து ஒட்சிசனை வெளிவிடுகின்றது. நாம் மூச்சில் வாங்கும் ஒட்சிசன் அவ்வாறு வந்ததே. நீரைப் பிளக்கும் இடத்தில் நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சியம் அணுவும் கூடியிருக்கின்றன. மின்கலத்தில் நடக்கும் அதே கொடுக்கல் வாங்கல் இலையினுள்ளும் நடக்கின்றது. மங்கனீசு போதாவிடின் ஒளித்தொகுப்புத் தடைப்படும், இலை வெளிறும், விளைவு குறையும்.

வேண்டிய அளவோ மிகச் சிறிது. பல பயிர்களின் உலர்ந்த இலை ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராம் அளவு மங்கனீசு இருந்தாற் போதும். அதற்குக் குறைந்தாற் குறைபாடு தோன்றும்.

8. நெல் வயலில்

வயலில் நீர் கட்டியதும் மண்ணினுள் காற்று ஒழிந்துவிடும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சுவாசிப்பதற்கு வேறிடங்களில் ஒட்சிசன் தேடும். முதலில் நைத்திரேற்றிலிருந்தும், அடுத்துக் கரிய மங்கனீசிலிருந்தும், பின்னர் இரும்பிலிருந்தும் அவை அதனைப் பெறுகின்றன. ஒட்சிசனை இழந்த மங்கனீசு கரைந்து வேருக்குக் கிடைக்கின்றது. இவ்வொழுங்கை விரிவாக ஆராய்ந்து, 1972ஆம் ஆண்டில் நீரில் அமிழ்ந்த மண்ணின் இரசாயனம் பற்றி உலகம் போற்றும் கட்டுரையை எழுதியவர், பிலிப்பைன்சு நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய இலங்கையரான பொன்னம்பெரும ஆவார்.

எனவே நீர் நின்று விளையும் நெல்லுக்கு மங்கனீசுக் குறைபாடு வருதல் அரிது. நெல் மிகுதியான மங்கனீசையும் தாங்கும் பயிர். ஆதலால் இலை சற்று மஞ்சளானது கண்டு, நுண்போசணைக் கலவை என விற்கப்படுவதை எல்லாம் வாங்கி வயலிற் கொட்டிப் பணத்தை இழக்கவேண்டாம். முதலில் நைதரசன் போதுமோ, நாகம் குறைவோ, வடிகால் கெட்டதோ என ஆராய்க. ஈரவலயத் தாழ்நிலங்களில் இலை செங்கபிலமாவது பெரும்பாலும் இரும்பு மிகுதியால் ஆகும். அங்கு வேண்டியது வடிகாலே. நீண்டகாலம் கழுவுண்ட மணல் வயல்களில் மாத்திரம், மண்ணும் இலையும் சோதித்தபின், மங்கனீசைப் பற்றி எண்ணலாம்.

9. தோட்ட நிலத்தில்

வயலை வடித்து மரக்கறி நடும்போது காற்று உட்புகும். கரைந்திருந்த மங்கனீசு மீண்டும் கரியதாகும். மண்ணிற் சுண்ணாம்பு ஏற ஏற இம்மாற்றம் விரைவாகும். மண்ணின் பீ.எச். பெறுமானம் ஓர் அலகு உயர்ந்தாற் கரைந்துள்ள மங்கனீசு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறையும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டு மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. நாம் இறைக்கும் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு உண்டு. ஆண்டுதோறும் இறைக்க இறைக்க அச்சுண்ணாம்பு மேல் மண்ணிற் படிகின்றது. ஆகவே உருளைக்கிழங்கு, வெங்காயம், போஞ்சி, பீற்றூட் முதலியவற்றைச் செய்வோர் இக்குறைபாட்டைக் கவனித்துக்கொள்ளல் வேண்டும். இத்தகைய நிலத்துக்கு மேலும் சுண்ணாம்போ சாம்பலோ மிகுதியாய் இடல் ஆகாது. குழை தாழ்த்துதல் நல்லது. குழை உக்கும்போது மண்ணில் ஒட்சிசன் குறைந்து, கரிய மங்கனீசின் ஒரு பகுதி கரையும். நைதரசன் பசளையாக அமோனியம் சல்பேற்றை இடுவதும் வேரடி மண்ணைச் சற்றுப் புளிக்கச் செய்து இவ்வகையில் உதவும்.

மலைநாட்டிலோ நிலைமை நேர்மாறானது. நுவரெலியாப் பகுதியின் புளிப்பு மண்ணில் மங்கனீசு மிகுதியாய்க் கரையும். தேயிலை அதனை இலையிற் சேர்த்துவைத்துக் கேடின்றி வளரும். உருளைக்கிழங்கும் போஞ்சியும் அவ்வாறு தாங்கமாட்டா. உருளைக்கிழங்கின் தண்டிற் கபிலக் கோடுகள் தோன்றுவதும் அடியிலைகள் காய்ந்து வீழ்வதும் மங்கனீசு மிகுதிக்கு அடையாளங்கள். அங்கே வேண்டியது மண்சோதனையின்படி தொலமைற்று இடுவதேயன்றி மங்கனீசு உப்பன்று. குடாநாட்டிற் கேட்ட மருந்தை மலைநாட்டிற் கையாளுவோர் பயிரைக் கெடுத்துக்கொள்வர்.

10. குறைபாட்டை இனங்காணும் வகை

மங்கனீசு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு எளிதிற் செல்லாது. ஆதலால் குறைபாடு முதலில் இளம் இலைகளில் தோன்றும். நரம்புகளும் அவற்றை ஒட்டிய பகுதியும் பச்சையாய் இருக்க, இடைப்பகுதி வெளிறும். மகனீசியம் குறைந்தால் அடியிலைகள் முதலில் வெளிறும். இரும்பு குறைந்தால் நுனியிலை முழுதும் வெளிறி, நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலைபோலத் தெரியும். நைதரசன் குறைந்தால் அடியிலை நரம்புகளுடன் சேர்ந்தே மஞ்சளாகும். உருளைக்கிழங்கில் மங்கனீசுக் குறைபாடு முற்றும்போது, வெளிறிய இளம் இலைகளின் கீழ்ப்புறத்தில் நரம்போரமாகச் சிறு கரும்புள்ளிகள் தோன்றும்.

இப்புள்ளிகளை நோயெனக் கொண்டு ஏமாறுதல் எளிது. நானும் ஒருமுறை ஏமாந்தேன். உருளைக்கிழங்குத் தோட்டம் ஒன்றில் வெளிறிய இலைகளையும் புள்ளிகளையும் கண்டு, வெளிறல் நோயின் தொடக்கம் எனக் கருதி மங்கோசெப் தெளிக்கச் சொன்னேன். பத்து நாளில் இலைகள் பச்சையாயின. கமக்காரர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். பின்னர் வெளிறல் திரும்பும்போதெல்லாம் அவர் மங்கோசெப்பையே தெளித்தார். போகம் முடிவதற்குள் அவர் செலவிட்ட பணமும், தெளிகருவியைச் சுமந்து அவர் சுவாசித்த மருந்தும் கொஞ்சமல்ல. அடுத்த ஆண்டு அதே குறி தோன்றியபோது அவரே ஒரு கேள்வி கேட்டார்: “நோயென்றால் ஈரம் மிகுந்த மூலையில் அல்லவா முதலில் வரவேண்டும்? இது சுண்ணாம்புக் கல் மேலெழுந்த மேட்டிலேயே வருகின்றதே, ஏன்?” அக்கேள்விக்கு விடை காண நால்வகைச் சோதனை ஒன்றைச் செய்தோம்.

ஒரே மேட்டில் நான்கு வரிசைகளை அடையாளம் இட்டோம். முதல் வரிசைக்கு வெறும் நீர், இரண்டாவதற்கு மங்கோசெப், மூன்றாவதற்கு மங்கனீசு சல்பேற்று, நான்காவதற்கு நாக சல்பேற்று. இரண்டு கிழமைகளில் இரண்டாம் மூன்றாம் வரிசைகள் பசுமையுற்றன. முதலாவதும் நான்காவதும் முன்போலவே நின்றன. மங்கனீசு சல்பேற்றுப் பங்கசு நோயை மாற்றும் மருந்தன்று. எனவே முன் ஆண்டில் பயிரைத் தேற்றியது பங்கசுநாசினியின் நஞ்சன்று. அதில் அடங்கியிருந்த சிறிதளவு மங்கனீசே என்பது தெளிவாயிற்று. இல்லாத நோய்க்கு ஒரு போகம் முழுதும் நஞ்சு தெளித்திருந்தோம்.

இச்சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு தெளிகருவியும் நான்கு வரிசையும் போதும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இலையில் நீர் ஊறியது போன்ற பெரிய கறைகளும், அவற்றின் கீழ்ப்புறத்தில் வெண்பூஞ்சணமும் தோன்றினால் அது பின்வெளிறல் நோய். குளிரும் ஈரமும் சேர்ந்த காலத்தில் அது சில நாளிலேயே தோட்டத்தை அழிக்கும். அப்போது சோதனைக்காகக் காத்திராமல் உடனே போதனாசிரியரை அழைக்கவும்.

11. மங்கனீசு சல்பேற்றைத் தெளிக்கும் முறை

சுண்ணாம்பு மண்ணில் இவ்வுப்பை நிலத்தில் இட்டால் அது விரைவிற் கரிய ஒட்சைட்டாக மாறிவிடும். ஆகவே இலையில் தெளிப்பதே சிக்கனமானது.

(அ) 10 லீற்றர் நீருக்கு 30 முதல் 50 கிராம் வரை மங்கனீசு சல்பேற்றை எடுக்க. இளம் பயிருக்குக் குறைந்த அளவு போதும்.

(ஆ) அதன் எடையிற் பாதியளவு நீற்றிய சுண்ணாம்பை வேறொரு பாத்திரத்தில் நீருடன் கலக்குக. இது இலை எரிவதைத் தடுக்கும்.

(இ) உப்பைப் பிளாத்திக்கு வாளியில் முற்றாகக் கரைத்து, சுண்ணாம்பு நீரை மெல்லச் சேர்த்து, துணியால் வடித்துத் தெளிகருவியில் இடுக.

(ஈ) முதலில் நாலைந்து செடிகளுக்குத் தெளித்து இரண்டு நாள் பார்க்க. இலை எரியாவிடின் ஏனையவற்றுக்குத் தெளிக்க.

(உ) காலையிலோ வெயில் தணிந்த மாலையிலோ இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க. வேண்டுமாயின் 10 முதல் 14 நாள் இடைவெளியில் மீண்டும் ஒரு முறையோ இருமுறையோ தெளிக்கலாம். பீடைநாசினிகளுடன் கலக்கவேண்டாம்.

12. மங்கனீசினால் மனிதருக்கு வரும் கேடு

வேண்டிய அளவு மங்கனீசு நம் உணவிலேயே உண்டு. கேடு வருவது தூளைச் சுவாசிப்பதால் ஆகும். 1837ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டு மருத்துவர் கூப்பர், வெளிற்றும் தூள் செய்வதற்காக மங்கனீசுக் கனிப்பொருளை அரைத்த தொழிலாளர் சிலர் கால் தளர்ந்து, நடை தடுமாறி, பேச்சுக் குன்றியிருந்ததை எழுதிவைத்தார். மங்கனீசுத் தூளை நெடுநாட் சுவாசித்தால் மூளை தாக்கப்படும் என்பது இன்று ஐயமின்றி அறியப்பட்டுள்ளது. உருக்கை ஒட்டும் தொழிலாளருக்கும் அதன் புகையால் இவ்வபாயம் உண்டு. ஆதலால் எந்த மங்கனீசுத் தூளை நிறுக்கும்போதும் காற்றுக்குப் புறங்காட்டி நின்று, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க. பிள்ளைகளைக் கொண்டு இவ்வேலையைச் செய்விக்கவேண்டாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கரியது மின்கலத்துக்கும் கண்ணாடிக்கும் உருக்காலைக்கும் உரியது, பயிருக்கு உதவாது.

2. ஊதா நிறமானது நீர் நிலையத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் உரியது. பசளையுமன்று, பாம்புக்கடிக்கு மருந்துமன்று.

3. மஞ்சள் தூள் பங்கசு நோய் வருமுன் காக்க. இலை மஞ்சளாவதற்கு மருந்தன்று.

4. இளஞ்சிவப்பு உப்பே பயிருக்கு உணவு. அதுவும் குறைபாடு உண்டென்று தெளிந்த பின்னரே.

5. நீர் நின்ற நெல் வயலுக்குப் பெரும்பாலும் மங்கனீசு வேண்டாம். சுண்ணாம்பு மண்ணிற் குறைவையும் புளிப்பு மண்ணில் மிகுதியையும் எதிர்பார்க்கவும்.

6. ஐயம் வந்தால் நான்கு வரிசைச் சோதனை செய்க. பயிரே விடை கூறும்.

மண்ணையும் இலையையும் சோதிப்பித்தல் பற்றிய விவரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. போகும்போது வெளிறிய இலை நாலைந்தையும், நல்ல இலை நாலைந்தையும் வேறுவேறு கடதாசிப் பைகளில் இட்டு, தோட்டத்தின் எப்பகுதியில் எடுத்தவை என்பதையும் எழுதிக் கொண்டு செல்லுங்கள்.